கார் கொட்டகையில் இரும்புப் பெட்டகம்: துருவைத் தடுப்பதும் நீக்குவதும்



பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் வட்டாரங்களில் மலையடிவாரத்தை ஒட்டிச் செம்பனையும் பழமரங்களும் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களில் சிலர், காட்டுப்பன்றி, குரங்கு முதலியவற்றின் தொல்லையிலிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியை வைத்துப் பூட்ட ஓர் இரும்புப் பெட்டகம் வேண்டும். வீட்டுக்குள் இடம் போதாமல் அந்தப் பெட்டகம் பெரும்பாலும் கார் கொட்டகைக்கு வந்துவிடுகிறது. துப்பாக்கி இல்லாத வீடுகளிலும் நிலப் பத்திரம், பிறப்புப் பத்திரம், நகை ஆகியவற்றை வைக்கும் இரும்புப் பெட்டியோ, பழைய இரும்பு அலமாரியோ அங்கேதான் நிற்கிறது. ஆகவே இன்று நான் பேசப்போவது துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. கொட்டகையில் இரும்பு வைத்திருக்கும் எல்லாருக்கும் உரியது.

துரு என்றவுடன், "சாயம் கொஞ்சம் உரிந்துவிட்டது, அழகு போய்விட்டது, அவ்வளவுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். அழகு போவது சிறிய நட்டம். பெட்டகத்தின் அடித்தகடு துருவேறி மெலிந்தால், அதைத் தரையோடு பிணைத்திருக்கும் போல்ட்டு பிடிப்பை இழக்கும். கடப்பாரை ஒன்றிருந்தால் திருடன் பெட்டகத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடலாம். கதவின் கீலும் தாழ்ப்பாளும் துருவேறி இறுகினால் கதவைச் சாத்துவதே பெரும்பாடாகிவிடும். அப்போது மனிதர் என்ன செய்கிறார்? "நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம்" என்று கதவைச் சும்மா சாத்திவைக்கிறார், அல்லது துப்பாக்கியைக் கொண்டுபோய்த் துணி அலமாரியில் வைக்கிறார். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன இருக்க முடியும்? நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் வந்த துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டமும் மிகக் கடுமையானவை. துப்பாக்கி கைமாறிப் போனால் உரிமம் வைத்திருப்பவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே துருவைக் காப்புக்கு வந்த கேடாகவே கருதவேண்டும்.

முதலில் துரு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்துகாட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. மூன்று கண்ணாடிக் குழாய்களில் மூன்று ஆணிகளைப் போடுவோம். முதற் குழாயில் பாதித் தண்ணீரும் மேலே காற்றும் இருக்கும். இரண்டாவதில் கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய தண்ணீரை ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு மூடிவிடுவோம். மூன்றாவதில் ஈரம் உறிஞ்சும் மருந்தோடு உலர்ந்த காற்று மட்டும் இருக்கும். ஒரு வாரம் சென்று பார்த்தால் முதற் குழாயில் உள்ள ஆணி மட்டுமே துருவேறியிருக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர், பிராணவாயு ஆகிய இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பதும், இரண்டில் ஒன்றைத் தடுத்துவிட்டால் துரு நின்றுபோகும் என்பதும் இதனால் விளங்கும். பெட்டகத்துக்குள் இருக்கும் பிராணவாயுவை நம்மால் அகற்ற முடியாது. ஆகவே தண்ணீரைத் தடுப்பது ஒன்றே நம் கையில் உள்ள வழி.

"என் பெட்டகத்தில் தண்ணீரே படவில்லையே, பிறகு எப்படித் துரு வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் கவனிக்கவேண்டிய உண்மை இருக்கிறது. துரு ஏற மழைத்துளி நேரே விழவேண்டும் என்பதில்லை; காற்றில் கலந்திருக்கும் நீராவியே போதும். இங்கிலாந்தில் வெர்னன் என்ற அறிஞர் 1930களில் இதை ஆராய்ந்தார். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு ஏறக்குறையச் சும்மா இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும், காற்றில் மாசும் சேர்ந்திருந்தால், துரு விரைந்து ஏறுகிறது என்று அவர் கண்டார். நம் பேராக் மாநிலத்தின் காற்றை எண்ணிப்பாருங்கள். விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தாண்டுவது இங்கே சர்வ சாதாரணம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் இடி மழை கொட்டுகிறது. கொட்டகையோ மூன்று பக்கம் திறந்தது. மழையில் நனைந்த கார் சூடான இயந்திரத்தோடு உள்ளே வந்து நின்று, தன்மேல் உள்ள தண்ணீரையெல்லாம் ஆவியாக்கிவிடுகிறது. இத்தகைய இடத்தில் இரும்பு துருவேறாமல் இருந்தால்தான் வியப்பு.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 24 டிகிரியில் அதே காற்றால் 22 கிராம் அளவுதான் தாங்க முடியும். இரவெல்லாம் சிமெண்டுத் தரையில் நின்று குளிர்ந்த பெட்டகம் காலையில் 24 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள். வெளிக் காற்று 30 டிகிரி. அதன் ஈரப்பதம் 80 சதவிகிதம். அதாவது கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி. அந்தக் காற்று குளிர்ந்த இரும்பைத் தொட்டதும், தாங்க முடியாத 2 கிராமும் பனித்துளியாகப் படிந்துவிடும். குளிர்ந்த பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். பெட்டகம் கதவு சாத்தியிருக்கும்போதும் மூச்சு விடுகிறது. பகலில் உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். நாள்தோறும் இது நடப்பதால், திறக்காத பெட்டகத்துக்குள்ளும் துரு வருகிறது.

இரும்பின்மேல் ஒரு துளி தண்ணீர் நின்றால் துரு எங்கே தொடங்கும்? ஓரத்தில்தான் என்று தோன்றும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவான்ஸ் என்ற அறிஞர் 1920களில் இதைச் சோதித்துக் காட்டினார். துளியின் ஓரத்தில் பிராணவாயு மிகுதி, நடுவில் குறைவு. இந்த வேறுபாட்டால் துளியே ஒரு சிறு மின்கலம்போல ஆகி, பிராணவாயு குறைந்த நடுவிடத்தில் இரும்பு கரைகிறது. பெட்டகத்தின் அடியிலும், வாஷருக்குக் கீழேயும், சாயம் உப்பிய இடத்தின் உள்ளேயும், காற்று நன்றாகப் புகாத மூலைகளிலும் இரும்பு ஆழமாக அரிக்கப்படுவது இதனால்தான். ஆகவே துருவைத் தேடும்போது கண்ணுக்கு நேரே உள்ள முகப்பைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து அடியைப் பாருங்கள்.

தண்ணீரோடு உப்பும் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். இதற்குத் தமிழர் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு பாம்பன் பாலம். 1914ஆம் ஆண்டு இராமேசுவரம் தீவையும் பெருநிலத்தையும் இணைத்துத் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம், உப்புக் காற்றோடு நூறாண்டுக்கும் மேலாகப் போராடியது. ஓயாமல் சாயம் அடித்தும், பாகங்களை மாற்றியும் அதைக் காத்துவந்தார்கள். முடிவில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அரிமானத்தின் காரணமாக அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதில் துருவேறாத எஃகுக் கம்பிகளும், கடற்காற்றைத் தாங்கும் தனிவகைச் சாயமும் பயன்படுத்தப்பட்டுள்ளன. அந்தக் கரையில் உள்ள மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிமானத்தைச் சோதிக்க ஒரு களநிலையமே வைத்திருக்கிறது. கொடைவள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் பொருளிலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது. நம் முன்னோர் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் வழியில் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபத்தில் இன்று இரும்பின் நோயை ஆராய்கிறார்கள்.

"பீடோர் கடற்கரை அன்றே, இங்கே உப்பு ஏது?" என்று கேட்கிறீர்களா? உப்பை நாமே கொண்டுவந்து வைக்கிறோம், நேயர்களே. செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு; அதுவும் உப்பு இனத்தைச் சேர்ந்ததே. அம்மோனியம் சல்பேட்டு உரமும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உர மூட்டையைப் பெட்டகத்தின் மேலே சாய்த்து வைக்கும் வீடுகள் எத்தனை! பால்மரம் வைத்திருப்பவர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தையும் அதே கொட்டகையில் வைப்பார். அதன் மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஆவி பரவி இரும்பைத் தின்னும். துணி வெளுக்கும் திரவம், தரை கழுவும் அமிலம், மின்னேற்றம் செய்யும் கார் பேட்டரி ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. நம் கைவியர்வையில் உள்ள உப்புங்கூடக் குழாயின்மேல் விரல் அடையாளத்தையே துருவாக எழுதிவிடும்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இங்கே இன்னொரு செய்தியைக் கட்டாயம் அறிந்துகொள்ளவேண்டும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் ஒரு காலத்தில் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். மழைக்காலத்தில் குதிரைக் கொட்டிலில் சேமித்துவைத்த தோட்டாக்களை மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், பித்தளைக் கூடுகளில் விரிசல் விட்டிருந்தது. பருவகாலத்தில் வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயரிட்டார்கள். காரணம் நெடுநாள் தெரியவில்லை. 1921ஆம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஆவி, உருவாக்கும்போதே உள்ளிறுக்கம் கொண்டுவிட்ட பித்தளையைத் தாக்கி விரிசல் உண்டாக்கியது என்பதே அந்த விளக்கம். இன்று நம்மிடம் குதிரைக் கொட்டில் இல்லை. ஆனால் பால் கெட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா இருக்கிறது. அம்மோனியா கலந்த உரம் இருக்கிறது. கோழிக் கூண்டும் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்கள் சிலவற்றின் அடிப்பாகமும் பித்தளையே. ஆகவே இவை இருக்கும் கொட்டகையில் தோட்டா வைக்கவே கூடாது. தோட்டாவைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வேறொரு பூட்டுக்குள் வைப்பதே இருவகையிலும் பாதுகாப்பு.

இனித் தடுக்கும் முறைக்கு வருவோம். முதல் விதி, கூடுமானால் பெட்டகத்தை வீட்டுக்குள்ளேயே வைப்பது. இயலாதபோது கொட்டகையில் மழைச்சாரல் படாத உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். சிமெண்டுத் தரை பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் உங்கள் தரை ஈரத்தரைதான். பெட்டகத்தைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, கெட்டியான பிளாஸ்டிக் கட்டைகள்மேல் நிறுத்துங்கள். மரக்கட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும். கறையான் பயமும் உண்டு. சுவருக்கும் பெட்டகத்துக்கும் நடுவே கைவிரல்கள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். போல்ட்டு இறக்கத் துளையிட்ட இடத்தில் சாயம் போயிருக்கும். அங்கே துருத்தடுப்புச் சாயம் பூசி, பிளாஸ்டிக் வாஷர் போட்டு முறுக்குங்கள். உயர்த்தி வைத்ததால் போல்ட்டின் பிடிப்பு தளராதபடி நீளமான போல்ட்டுப் போடவேண்டும்.

இரண்டாவது விதி, உள்ளே இருக்கும் ஈரத்தைக் குறைப்பது. சிலிக்கா ஜெல் என்ற மணிகளை நீங்கள் காலணிப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். அரைக் கிலோ சிலிக்கா ஜெல் 100 கிராமுக்கும் மேற்பட்ட நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு பெட்டகத்துக்குள் உள்ள காற்றில் இருக்கும் நீராவி பத்துக் கிராமுக்கும் குறைவுதான். ஆனால் பெட்டகம் நாள்தோறும் மூச்சு விடுவதால், அந்த மணிகளும் சில வாரங்களில் நிறைந்துவிடும். நிறைந்ததும் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 120 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடியும் பயன்படும். காகிதப் பையோடு அடுப்பில் வைக்கக்கூடாது. நிறம் மாறும் மணிகளில் நீல நிறத்ததில் கோபால்ட்டு என்ற நச்சு உப்பு இருப்பதால், ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள். உப்புச் சாடியில் நாலு அரிசி போடும் பாட்டி வைத்தியம் உப்புக்குச் சரி, பெட்டகத்துக்குப் போதாது.

கடைகளில் விற்கும் இன்னொரு பொருளைப் பற்றி எச்சரிக்கை செய்கிறேன். அலமாரியில் வைக்கும் ஈர உறிஞ்சி டப்பாக்களில் வெள்ளைக் கட்டிகள் இருக்கும். சில வாரத்தில் அடியில் தண்ணீர் தேங்கும். "அடேயப்பா, எவ்வளவு ஈரத்தை இழுத்திருக்கிறது!" என்று நாம் மகிழ்வோம். அந்தக் கட்டி கால்சியம் குளோரைடு. தேங்கியிருப்பது வெறும் தண்ணீர் அன்று, கடும் உப்பு நீர். டப்பா ஒருமுறை கவிழ்ந்தால் போதும், பெட்டகத்தின் அடித்தகட்டைக் கடல்நீரைவிடக் கொடுமையாக அரித்துவிடும். துணி அலமாரிக்கு அது ஏற்றது; இரும்புப் பெட்டகத்துக்கு வேண்டா.

மின்சாரம் எட்டும் இடமானால், பெட்டகத்துக்கென்றே செய்யப்பட்ட குறைந்த ஆற்றல் கொண்ட சூடேற்றும் கோல் ஒன்றை அடியில் பொருத்தலாம். அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. காற்றைச் சூடாக்கி அதன் தாங்கும் திறனை உயர்த்துகிறது. 26 டிகிரியில் 90 சதவிகித ஈரப்பதம் உள்ள காற்றை 5 டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்குக் கீழே வந்துவிடும். இரும்பு காற்றைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் பனித்துளியும் படியாது. ஆனால் இதற்குப் பதிலாகச் சாதாரண மின்விளக்கை உள்ளே எரியவிடுவது தவறு. எண்ணெய்த் துணி பட்டால் தீப்பிடிக்கும். மின்கம்பி நுழைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

ஈரப்பதத்தை அறியாமல் இவற்றைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல. சிறிய ஈரமானி ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்பதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு புட்டி மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழையுங்கள். அதையும் ஈரமானியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, எட்டு மணி நேரம் விடுங்கள். ஈரமானி 75 சதவிகிதம் காட்டவேண்டும். 80 காட்டினால், அது எப்போதும் 5 கூடுதலாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டகத்துக்குள் 50 சதவிகித அளவில் நிலைநிறுத்துவதே நம் குறிக்கோள்.

துப்பாக்கியைத் தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ இட்டுப் பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து இரும்போடு அணைத்துவைக்கும். அட்டைப்பெட்டி, செய்தித்தாள், நனைந்த துணி எதுவும் உள்ளே வேண்டா. கனிம எண்ணெய், அதாவது தையல் இயந்திர எண்ணெய் போன்றது, மெல்லிய படலமாகத் துடைத்துவிட்டால் போதும். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது நாளடைவில் சிக்குப்பிடித்து அமிலமாகும், நல்லெண்ணெய் பிசினாகும். இரண்டும் சமையலறைக்கே உரியவை. தீயைத் தாங்கும் பெட்டகம் வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். அதன் சுவருக்குள் ஜிப்சம் போன்ற ஈரம் கொண்ட பொருள் இருப்பதால், உள்ளே ஈரப்பதம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அத்தகைய பெட்டகத்துக்குச் சிலிக்கா ஜெல் இன்னும் மிகுதியாக வேண்டும்.

சரி, துரு ஏற்கெனவே வந்துவிட்டதே, என்ன செய்வது? வேலையைத் தொடங்குமுன் பெட்டகத்தைக் காலி செய்யவேண்டும். துப்பாக்கியை அண்டை வீட்டில் கொடுத்துவைப்பது, மகன் கையில் தருவது எதுவும் கூடாது. மாவட்டக் காவல் நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி நடந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு திருப்புளியின் முனையால் துருவேறிய இடங்களை அழுத்திப் பாருங்கள். மேலோட்டமாகப் பொடி உதிர்ந்தால் பிழைக்கக்கூடிய துரு. அடுக்கடுக்காகச் செதில் பெயர்ந்தால் நடுத்தரம். முனை உள்ளே இறங்கினாலோ, தாழ்ப்பாள் தண்டு மெலிந்திருந்தாலோ அந்தப் பெட்டகம் இனிக் காப்பாகாது. அதற்குச் சாயம் அடித்து ஏமாறவேண்டா, புதியது வாங்குங்கள்.

பிழைக்கக்கூடிய துருவுக்கு முறை இது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, படிந்திருக்கும் உப்பை அகற்றுங்கள். உப்பின்மேல் எத்தனை சாயம் அடித்தாலும் அது உள்ளிருந்தே உப்பி எழும். பின்னர்த் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். கம்பித் தூரிகையாலும், முரட்டு உப்புத்தாளாலும், அடுத்து மென்மையான உப்புத்தாளாலும் தேயுங்கள். துருவின் ஓரத்தில் நல்ல சாயமும் ஒரு விரற்கடை தேய்ந்து சரிவாக வரவேண்டும். கண்ணாடியும் முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள். பெட்டகம் மிகப் பழையதாகி, அடிச்சாயம் செங்காவி நிறத்தில் இருந்தால், அது செவ்வீயச் சாயமாக இருக்கக்கூடும். அதை உலரத் தேய்த்துத் தூளைச் சுவாசிப்பது நஞ்சு. நனைத்துத் தேய்த்து, கழிவைப் பையில் கட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

தேய்த்தபின்னும் குழிகளில் துரு மிஞ்சும். அங்கேதான் துரு மாற்றி மருந்து உதவுகிறது. அது இரு வகை. ஒன்று தானிக் அமிலம் கொண்டது. நம் முன்னோர் கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்துக் கறுப்பு மை செய்தார்களே, அதே வினைதான் இதுவும். துரு கறுத்து, கரையாத படலமாக மாறுகிறது. மற்றொன்று பாஸ்பாரிக் அமிலம். துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். தில்லியில் குதுப் மினார் வளாகத்தில் உள்ள இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நின்றும் பெரிதாக அரிக்கப்படவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால், மேலே ஒரு பாஸ்பேட்டுப் படலம் உருவாகிக் கவசமாக நிற்கிறது என்று அறிஞர் பாலசுப்பிரமணியம் முதலியோர் விளக்கினர். ஆயிரத்தறுநூறு ஆண்டுக்கு முன் கொல்லன் உலையில் அமைந்ததை நாம் புட்டியில் வாங்கிப் பூசுகிறோம். கையுறை அணிந்து, மெல்லியதாகப் பூசி, புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் காயவிடுங்கள். துணி வெளுக்கும் திரவத்தோடு எந்த அமிலமும் சேரக்கூடாது, நச்சுவாயு எழும்.

அடுத்துச் சாயம். தகரக் கூரையையும் பால் டின்னையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கிந்தா, பத்தாங் பாடாங் மண்ணில் தோண்டிய ஈயம் உலகெங்கும் டப்பாக்களின்மேல் பூச்சாகப் போனது. ஈயப் பூச்சு முழுமையாக இருக்கும்வரை காக்கும். கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் இரும்பு முன்னைவிட விரைவாகத் துருவேறும். கூரைத் தகட்டின்மேல் உள்ள துத்தநாகமோ, கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆகவே மருந்து பூசாமல் வெள்ளையாகத் தேய்ந்து வந்த இரும்பின்மேல் துத்தநாகத் தூள் மிகுந்த அடிச்சாயமும், மருந்து பூசிய இடத்தின்மேல் புட்டியில் குறிப்பிட்டிருக்கும் அடிச்சாயமும் பூசுவது நல்லது. தேய்த்த அன்றே அடிச்சாயம் பூசிவிடவேண்டும். நம் ஊர்க் காற்றில் ஓர் இரவு போதும், மறுபடி செம்மை தட்டிவிடும். மழையில்லாத நாளின் முற்பகலில் தொடங்குங்கள். மூலை முடுக்குகளுக்கு முதலில் தனியாக ஒரு பூச்சு. பின்னர் முழுவதற்கும் இரண்டு பூச்சு. ஒரு வாரம் கதவைத் திறந்துவைத்து, வாசனை நீங்கியபின் பொருள்களை வையுங்கள். அதுவரை துப்பாக்கி காவல் நிலையம் சொன்ன இடத்திலேயே இருக்கட்டும்.

கீலுக்கும் தாழ்ப்பாள் தண்டுக்கும் சிறிது கிரீஸ் இடலாம். சாவித் துளைக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள்; தூசி ஒட்டிக் களிம்பாகும். பென்சில் கரியான கிராபைட்டுத் தூள் போதும். எண் பூட்டு, மின்பூட்டு ஆகியவற்றைப் பூட்டுத் தொழிலாளி பார்க்கட்டும். துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் துரு கண்டால் உப்புத்தாளைக் கையில் எடுக்கவே வேண்டா. குழாய் மெலிந்து, சுடும்போது வெடிக்கும். உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் காட்டுவதே முறை. துருவேறாத எஃகு பிறந்ததற்கே துப்பாக்கிக் குழாய்தான் காரணம் என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, சுடச்சுடத் தேய்ந்துபோகும் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடும் முயற்சியில் 1913இல் சுமார் 13 சதவிகிதம் குரோமியம் சேர்த்து ஓர் எஃகு வார்த்தார். அது அரிமானத்தை எதிர்த்து நின்றதைக் கண்டார். நம் சமையலறைக் கரண்டியும் சம்படமும் அந்த வழியில் வந்தவையே.

நேயர்களே, சொன்னவற்றை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, கால் மணி நேரம் போதும். ஈரமானியைப் பாருங்கள், சிலிக்கா ஜெல்லைக் காயவையுங்கள், அடியிலும் பின்புறமும் விளக்கடித்துப் பாருங்கள், கீலை அசைத்துப் பாருங்கள், துப்பாக்கியை உரிமம் உள்ளவர் மட்டும், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். உர மூட்டையும் அமிலப் புட்டியும் கொட்டகையின் மறுகோடிக்கு, கூடுமானால் தனிக் கொட்டகைக்குப் போகட்டும். இவற்றையெல்லாம் செய்தபின் கதவைச் சாத்திப் பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். அது இலகுவாகச் சாத்தி, இறுக்கமாக நின்றால் உங்கள் வேலை முடிந்தது. சற்றே மக்கர் செய்தாலும் அன்றைக்கே ஆளை அழைத்துப் பழுது பாருங்கள். பூட்டாத பெட்டகத்தோடு ஓர் இரவும் கழியவேண்டா.